சீதக்காதியின் மோதிரம்

பணத்தைப் பற்றித் தமிழில் இரண்டு பழமொழிகள் இறந்தவர்களை வைத்துச் சொல்லப்பட்டிருக்கின்றன. பணம் என்றால் பிணமும் வாயைத் திறக்கும் என்பது ஒன்று. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பது மற்றொன்று. முதலாவதில் இறந்தவன் வாங்குவதற்காக வாயைத் திறக்கிறான். இரண்டாவதில் இறந்தவர் கொடுப்பதற்காகக் கையை நீட்டுகிறார். முதலாமவனுக்குப் பெயரில்லை, ஊரில்லை. இரண்டாமவருக்கு இரண்டும் உண்டு; ஊர் கீழக்கரை. பணம் தீயது என்பவர்கள் முதல் பழமொழியை வைத்துக்கொள்ளலாம், நல்லது என்பவர்கள் இரண்டாவதை. பணம் வெறும் கருவி, வைத்திருப்பவன் குணம்தான் அதன் குணம் என்று சொல்லும் மூன்றாவது கட்சி பணம் பத்தும் செய்யும் என்பதைத் தனக்கு ஆதரவாகக் காட்டக்கூடும். ஆனால் அந்த வாக்கியத்தில் செய்வது பணம்தான்; மனிதன் அதில் இல்லவே இல்லை.

நம் வட்டாரத்தில் பணத்தைப் பற்றித் தீர்மானமான ஒரு மௌனம் உண்டு. பணத்துக்காக எழுதுகிறவன் எழுத்தாளன் அல்ல என்று முடிவு செய்துகொண்டு ஆரம்பித்தவர்கள் நாம். அந்த முடிவு தப்பென்று நான் இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் பணத்துக்காக எழுதாதவன் எழுதியதை அச்சடிக்கவும் பணம் வேண்டும் என்ற விஷயம் அந்த முடிவில் அடங்கவில்லை.

ஏறக்குறைய முப்பது வருஷங்களுக்கு முன் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு பத்திரிகை ஆரம்பித்தோம். ஐந்நூறு பிரதி, நாற்பத்தெட்டுப் பக்கம். அச்சுக்கூலியை எங்கள் சம்பளத்திலிருந்து பிரித்துக்கொண்டோம். காகிதத்துக்கு வழியில்லை. சென்னை மண்ணடியில் கல் வியாபாரம் செய்துவந்த கீழக்கரைக்காரர் ஒருவர் முதல் இதழுக்கான மூன்று ரீம் காகிதத்துக்குப் பணம் தந்தார். எங்களில் ஒருவருடைய பக்கத்து வீட்டுக்காரர் என்பதைத் தவிர அவருக்கும் புதுக்கவிதைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நான் அவரை ‘பாய்’ என்று கூப்பிட்டேன். “பாய்ங்கறது வெளியாளுங்க சொல்றது. காக்கான்னு சொல்லுங்க தம்பி” என்றார். கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, “இது ஜகாத் இல்லே. ஜகாத் யாருக்குப் போகணும்னு கணக்கு இருக்கு, பத்திரிகைக்குப் போகாது. இது சும்மா” என்றார். நன்றி என்று ஒரு வரி போடட்டுமா என்று கேட்டேன். பேர் வேண்டாம் என்றார்.

நாங்களும் போடவில்லை. அதில் எங்களுக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வியாபாரி ஒருவரின் பெயர் எங்கும் இல்லாதது பத்திரிகையின் சுத்தத்துக்கு அடையாளம் என்று நினைத்தோம். இந்தக் கட்டுரை அந்தத் திருப்தியைப் பற்றியது. அதற்குச் சீதக்காதியின் சரித்திரம் வழியாகப் போக வேண்டியிருக்கிறது.

2

சீதக்காதியின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். தமிழ் வாயில் அது செய்தக்காதி என்றும் சீதக்காதி என்றும் ஆயிற்று. மரைக்காயர், கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர். காலம் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி ஆண்டுகொண்டிருந்தார். அவருக்கு நெருங்கியவராகவும் ஆலோசகராகவும் சீதக்காதி இருந்தார். மார்க்க அறிஞரான ஸதக்கத்துல்லா அப்பா (1632–1703) அவருடைய சமகாலத்தவர், அவருக்கு வழிகாட்டி. கீழக்கரை ஜும்மா பள்ளிவாசலைக் கட்டியவர் சீதக்காதி என்பது ஊர் வழக்கு. கல்தூண்களும் போதிகைகளும் வைத்து, கோயில் கட்டும் கைகளின் வழக்கப்படியே எழுப்பிய பள்ளி அது. உருவங்கள் இருந்திருக்கக்கூடிய இடங்களில் பூவும் கொடியும் இருக்கின்றன.

இது தமிழ்ப் பக்கத்துச் செய்தி. கடல் பக்கத்திலிருந்து இன்னொரு செய்தி வருகிறது. 1658-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக் கம்பெனி, மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும், இந்தக் கரையிலிருந்து போகும் துணியும் தன் கை வழியாகவே போகவேண்டும் என்று விரும்பியது. அந்த விருப்பத்துக்குக் குறுக்கே நின்ற கீழக்கரை வியாபாரி ஒருவரின் பெயர் கம்பெனியின் ஆவணங்களில் பெரியதம்பி மரைக்காயர் என்று வருகிறது. இந்தப் பெரியதம்பியும் பாட்டில் வரும் சீதக்காதியும் ஒருவரே என்பது ஆய்வாளர்கள் சிலருடைய கருத்து. அப்படிக் கொண்டால், ஒரே மனிதர் கம்பெனியின் கணக்கில் தொல்லை தரும் போட்டிக்காரராகவும் புலவர்களின் கணக்கில் வள்ளலாகவும் இருந்திருக்கிறார். இரண்டு கணக்கிலும் பேசப்படுவது ஒரே பணம்தான். கம்பெனி அது வரும் வழியைப் பார்த்தது. புலவர்கள் அது போகும் வழியைப் பார்த்தார்கள்.

புலவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் உமறுப்புலவர். சீறாப்புராணம் எழுத அவரை ஆதரித்தவர் சீதக்காதி. மூன்று காண்டங்கள், 5,027 விருத்தங்கள் கொண்ட காவியம் அது. பாடி முடியும் முன் வள்ளல் காலமானார். அதன் பிறகு பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவில் வேலை தொடர்ந்தது. கம்பன் சடையப்ப வள்ளலை இடையிடையே நினைத்துக்கொண்டது போல, உமறு தன் காவியத்துக்குள் கொடைநாயகராகப் பல இடங்களில் பாடியிருப்பது இந்த அபுல்காசிமைத்தான். முதலில் கொடுத்தவருக்குப் பழமொழி கிடைத்தது. பின்னால் கொடுத்தவருக்குக் காவியம் கிடைத்தது. இலக்கிய சரித்திரத்தில் ஆதரவு என்பது எப்படிப் பதிவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மற்றொருவர் படிக்காசுப் புலவர், தொண்டைமண்டல சதகம் பாடியவர். இவர் சைவர். பழமொழி இவருடைய கதையிலிருந்துதான் வருகிறது. உதவி கேட்டுக் கீழக்கரைக்கு வந்தவர் வள்ளல் இறந்துவிட்டதை அறிந்து அடக்கத்தலத்துக்குப் போய் ஆற்றாமல் பாடுகிறார். சமாதியிலிருந்து மோதிரம் அணிந்த கை வெளியே நீள்கிறது. புலவர் மோதிரத்தை எடுத்துக்கொள்கிறார். நம்ப முடியாதவர்களுக்கு வேறொரு வடிவமும் வழக்கில் இருக்கிறது: தம்மைத் தேடி வரும் புலவருக்குக் கொடுக்கும்படி வள்ளல் சாகுமுன்பே மோதிரத்தை வேலையாளிடம் கொடுத்து வைத்திருந்தார் என்று.

இந்தக் கதையில் என்னை நிறுத்தியது அற்புதம் அல்ல. கப்பல் கப்பலாகச் சரக்கும், அதற்கு ஈடாகப் பணமும் வராகனும் பார்த்த வியாபாரியின் கை அது. அதில் காசு இருந்திருக்கலாம். கதைக்கு ஏனோ மோதிரம் தேவைப்படுகிறது. காரணம் எளிது. சமாதியிலிருந்து ஒரு காசு வந்திருந்தால், கடைத்தெருவுக்குப் போனதும் அது மற்றக் காசுகளில் ஒன்றாகிவிடும். மோதிரத்தைப் பார்த்தால் யாருடையது என்று கேட்பார்கள். யார் கொடுத்தார் என்பதை மறக்காத ஒரு பொருள் கதைக்கு வேண்டியிருந்தது. காசு அந்தப் பொருள் அல்ல என்று கதை சொன்னவர்களுக்குத் தெரிந்திருந்தது.

3

படிக்காசு என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. தில்லையில் அவர் பாடியபோது சந்நிதிப் படியில் பொற்காசு விழுந்ததாம். அந்தச் சொல் அவருக்கு முன்பே சைவ மரபில் இருந்தது. பெரியபுராணத்தில் திருவீழிமிழலைப் பஞ்சம் வருகிறது. அடியார்களுக்குச் சோறுபோட அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாளுக்கு ஒரு பொற்காசு கோயில் பீடத்தில் கிடைக்கிறது. அப்பர் மடத்தில் நேரத்தோடு பந்தி நடக்கிறது. சம்பந்தர் மடத்தில் நாழியாகிறது. ஏனென்று விசாரித்தால், சமையற்காரர்கள் சொல்கிறார்கள்: அவர்கள் கொண்டுபோகும் காசைக் கடைக்காரர் உடனே ஏற்கிறார், நம் காசுக்கு வாசி கேட்கிறார். வாசி என்பது காசின் தரம் குறைந்தால் வெட்டும் வட்டம். அப்பர் கையால் தொண்டு செய்கிறவர், அதனால் அவருக்கு நல்ல காசு கிடைத்தது என்று விளக்கம். சம்பந்தர் வாசியில்லாத காசு வேண்டுமென்று பதிகம் பாடிப் பெற்றுக்கொள்கிறார்.

பக்தி இலக்கியத்தில் இதுபோன்ற யதார்த்தம் அபூர்வம். சிவன் கொடுத்த காசைக் கடைக்காரர் கல்லில் உரைத்துப் பார்க்கிறார். அதில் அவருக்குச் சங்கடம் எதுவும் இல்லை, புராணமும் அவரைக் கண்டிக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, எத்தனை மாற்று என்றுதான் கேட்டார். பணத்தின் இயல்பு அந்தக் கேள்வியில் முழுவதும் இருக்கிறது. தெய்வத்தின் கையிலிருந்து வந்தாலும் திருடன் மடியிலிருந்து வந்தாலும் காசுக்குத் தன் பிறப்பு ஞாபகமில்லை. பணம் மறக்கும். அது பணத்துக்கு நேர்ந்த குறையல்ல, அதன் வேலையே அதுதான்.

கீழக்கரை சார்ந்த அறிவு மரபில் இதையே வேறொரு பக்கமிருந்து சொல்லியிருக்கிறார்கள். 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம்முடைய இஹ்யாவில், பொன்னும் வெள்ளியும் கண்ணாடியைப் போன்றவை என்கிறார்: கண்ணாடிக்குத் தனக்கென்று நிறமில்லை, அதனால்தான் எல்லா நிறத்தையும் காட்டுகிறது. பொருள்களுக்கிடையே தீர்ப்புச் சொல்ல வந்த நீதிபதி பணம். அதைப் பூட்டி வைப்பவன் நீதிபதியைச் சிறையில் போட்டவன். வட்டி அவருக்கு அநீதியாவது இந்தக் காரணத்தால்தான்: தீர்ப்புச் சொல்ல வந்ததையே சரக்காக விற்பது. ஜெர்மனியின் கியோர்க் சிம்மல் 1900-ல் பணத்தின் தத்துவத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியபோது பணத்தின் நிறமின்மையைத்தான் அவரும் மையமாக எடுத்துக்கொண்டார்.

மறதிக்கு ஒரு நன்மை உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் அங்கே வளையலாக அறுக்கப்பட்டது. வங்காளத்து இந்துப் பெண்ணுக்கு அந்த வளையல்தான் கல்யாணத்தின் அடையாளம். கீழக்கரையில் சங்கு குளித்தவர்கள் முஸ்லிம்கள். குளித்தவன் மதத்தை வளையல் போட்டவள் கேட்கவில்லை. வளையல் எந்தத் தெய்வத்தின் பேரால் போடப்படுகிறது என்று குளித்தவனும் கேட்கவில்லை. இடையில் பணம் இருந்தது. ஜாதியும் மதமும் பார்த்துப் பந்தி பிரித்த நாட்டில், காசு ஒன்றுக்குத்தான் யார் கை தொட்டது என்ற ஞாபகம் கிடையாது. அந்த அளவுக்கு அது விடுதலை. சைவப் புலவர் மரைக்காயரைத் தேடிக் கீழக்கரைக்கு நடந்ததிலும் இந்த விடுதலையின் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

4

மறதியின் மறுபக்கத்தைப் பார்க்கக் கடலுக்குள் இறங்க வேண்டும். காக்காவின் வாப்பாவுடைய வாப்பா முத்துக் குளித்தவர். இலங்கைப் பக்கம் 1905-ல் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரிய குளிப்புக்குப் போனவர்களில் ஒருவர் என்று சொன்னார். காக்கா பிறக்கும்போது அவருக்கு ஒரு காது கேட்காது. குளிப்பாளிகள் பலருக்குக் காது அப்படித்தான் போகும் என்றார்.

அந்தக் குளிப்புகளின் நடைமுறை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. குளிப்பவன் கயிற்றில் கட்டிய கனத்த கல்லில் காலை ஊன்றி இறங்குவான். அடியில் கல்லை விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கும் வலைப்பையில் சிப்பியை அள்ளுவான். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே மூச்சு நிற்கும். கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். ஒரு நாளில் இப்படி எத்தனையோ தடவை.

கரைக்கு வந்ததும் பங்கு. அரசாங்கத்தின் வேலியடைத்த கொட்டகையில் ஒவ்வொரு தோணிக்காரரும் தங்கள் சிப்பியைத் தாங்களே மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். அரசாங்க ஆள் வந்து இரண்டு குவியலைக் காட்டி எடுத்துக்கொள்வார். மிச்சம் ஒன்று குளித்தவர்களுக்கு. பிரிக்கிறவன் தேர்ந்தெடுக்க முடியாது, தேர்ந்தெடுக்கிறவன் பிரிக்க முடியாது. ஏமாற்ற நினைத்தால் ஏமாறப்போவது தான்தான் என்பதால் மூன்று குவியலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்குப் போவது நியாயமா என்பது வேறு கேள்வி. பங்கு போடும் முறையில் மட்டும் ஒரு நேர்மை இருக்கிறது. இத்தனைக்கும் இதில் பணம் இன்னும் வரவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவும் பங்குக் கணக்கைத்தான் சொல்கிறார்: ராஜாவுக்குப் பத்தில் ஒன்று, பெரிய மீன்கள் தீண்டாமல் மந்திரம் போடுகிறவர்களுக்கு இருபதில் ஒன்று.

பணம் வருவது கொட்டகைக்கு வெளியே. குளித்தவன் பங்கில் இருப்பது திறக்காத சிப்பி. அதில் முத்து இருக்கலாம், பெரும்பாலும் இருக்காது. வாசலில் வாங்குகிறவர்கள் காத்திருப்பார்கள். பத்து, இருபது என்று, சில சமயம் ஒன்றிரண்டு சிப்பியாகவே விற்பனை நடக்கும். குளித்தவனுக்கு அன்றைக்குச் சோறு வேண்டும். வாங்குகிறவனுக்குக் காத்திருக்க முடியும். நிச்சயமான சில காசுக்காக நிச்சயமில்லாத முத்தை இவன் கொடுத்துவிடுகிறான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் அந்த வாசலைத் தாண்டியதும், காது போனதும் மூச்சு அடைத்ததும் பொருளிலிருந்து கழன்றுவிடுகின்றன. பிறகு ஏலம், சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பது, பம்பாய், பாரிஸ். முத்து ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். குளித்தவன் ஞாபகம் முதல் வாசலிலேயே நின்றுவிடும்.

இதே கடலில் சங்குக்கு ஒரு வரம்பு இருந்தது. துளை வெட்டிய பலகையில் சங்கை வைத்துப் பார்ப்பார்கள். துளை வழியாக நழுவிவிடும் சின்னச் சங்கைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிட வேண்டும். போதும் என்று சொல்லத் தெரிந்த ஒரு பலகை அது. பணத்தில் அப்படி ஒரு துளை கிடையாது. முத்துப்பாரின் கதை அதைக் காட்டுகிறது. 1905-ன் பெரும் வரவுக்குப் பிறகு இலங்கை அரசு 1906-ல் முத்துப்பாரை இருபது வருஷக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் விட்டது. சில வருஷங்களில் சிப்பி அற்றுப்போய்க் கம்பெனி கலைந்தது. நம் பக்கத்தில் தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961-ல் நடந்தது.

5

பணம் வெறும் கருவி என்ற வாதத்துக்கு இப்போது வரலாம். குளிப்பவன் காலடிக் கல் ஒரு கருவி. அவன் இறங்கும்போது இறங்கும், விட்டால் கிடக்கும். தோணியில் ஏற்றிவைத்த கல் ராத்திரியில் தானாகக் கடலுக்குள் போவதில்லை. கத்தியின் பிடி யார் பிடித்துத் தேய்ந்தது என்று கத்தியைப் பார்த்தாலே தெரியும். பணம் இரண்டிலும் சேராது. வைத்துவிட்டுத் தூங்கினாலும் அது வாசலில் காத்திருக்கும் சக்தியாக வேலை செய்துகொண்டிருக்கிறது. எத்தனை கை தேய்த்தாலும் எந்தக் கையையும் காட்டாது. வள்ளுவர் இதில் கவனமாக இருந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. பொருள்செயல்வகை என்று ஓர் அதிகாரம் வைத்தவர், நன்றியில் செல்வம் என்று இன்னொன்றும் தனியாக வைத்தார். சும்மா கிடக்கும் செல்வமும் அவருக்கு ஒரு காரியம்தான்.

அதனால் நல்லதா, தீயதா, கருவியா என்ற மூன்று பதில்களும் ஒரே தப்பைச் செய்கின்றன. மூன்றும் பணத்தைக் கையில் வைத்திருப்பவன் பக்கமிருந்து பார்க்கின்றன. அவன் கொடுத்தால் நல்லது, பூட்டினால் தீயது, இரண்டும் அவன் இஷ்டமானால் கருவி. அவன் கைக்கு வருமுன் அது எந்த வாசலில் எதை மறந்துவிட்டு வந்தது என்ற கேள்வி மூன்றிலும் இல்லை.

சீதக்காதி மரபும் இந்த இடத்தில் சுத்தமானதல்ல. படிக்காசுப் புலவர் பேரில் வழங்கும் ஒரு தனிப்பாடல், பொன்னையும் நெல்லையும் சம எடைக்கு மாற்றிக்கொள்ளும்படியான பஞ்சத்திலும் அன்னதானத்தை நிறுத்தாதவர் என்று அவரைப் புகழ்கிறது. துலாக்கோல் அந்தப் பாட்டுக்கு ஓர் அலங்காரம். எனக்கு அது அலங்காரத்தோடு நிற்கவில்லை. அந்தத் தட்டில் பொன்னை வைத்தவர்கள் யார், தாலி எத்தனை, வைக்கப் பொன் இல்லாதவர்கள் எங்கே போனார்கள் என்று பாட்டு கேட்பதில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்கள் முகம் அதில் இல்லை. வள்ளல்மீது இது குற்றச்சாட்டு அல்ல. பஞ்சத்தில் சோறு போட்டவரை விசாரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. பாட்டின்மீதுதான் என் புகார். பணம் மறந்ததை ஞாபகப்படுத்தும் காரியம் கவிதைக்கு உரியது. நம் கொடைப்பாட்டுகள் கொடுத்தவரை ஞாபகம் வைத்துக்கொண்டன. குளித்தவனைப் பணத்தோடு சேர்ந்து தாங்களும் மறந்தன.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அது கீழானதென்று புலவர்கள் ஒதுக்கிய ஒரு வகையில் இருக்கிறது. சீதக்காதி பேரில் ஒரு நொண்டி நாடகம் இருக்கிறது. இந்த வகை நாடகங்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே கதை. தாசியிடம் பொருளை இழந்தவன் மறுபடி பொருளுக்காகத் திருடப் புறப்படுகிறான். குதிரை திருடும்போது பிடிபட்டுக் கால் வெட்டப்படுகிறான். கடைசியில் தெய்வ அருளால் கால் பெறுகிறான். சீதக்காதியின் நொண்டி வள்ளல் உதவியால் மக்கா போய்க் குணமாகிறான். கதையை நொண்டியே ஒற்றைக்காலில் நின்று தன் வாயால் சொல்கிறான். எவ்வளவு வந்தது, யாரிடம் போனது, எதற்காகத் திருடினான், அதற்கு உடம்பில் என்ன விலை கொடுத்தான், யார் கப்பலேற்றிவிட்டார் என்று எல்லாம் வரிசையாக வருகிறது. பணம் நடந்து வந்த வழியை அதன் அழுக்கோடு ஞாபகம் வைத்திருக்கும் ஒரே குரல் நம் பழைய இலக்கியத்தில் இந்தத் திருடனுடையது. உமறின் விருத்தங்களுக்கு முன்னால் இது ஒன்றுமில்லைதான். இருந்தாலும் பணத்தைப் பற்றி நம்மிடம் இருக்கும் உண்மையான ஆவணமாக இதைத்தான் நான் வைப்பேன்.

6

கீழக்கரை பணத்தின் மறதிக்குத் தன் வழியில் சில தடைகளைப் போட்டு வைத்திருக்கிறது. ஜகாத் அதில் முக்கியமானது. வரம்புக்கு மேல் ஒரு வருஷம் தங்கிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு, யாருக்கு என்ற கணக்கோடு, கொடுத்தாக வேண்டும். கொடுக்கிறவனின் தயவை அது எதிர்பார்ப்பதில்லை; கொடையைப் போல் அதைப் பாடவும் முடியாது. பணம் எவ்வளவு நாளாக உன்னிடம் இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்கிற கேள்வி அது. இன்னொன்று சின்ன விஷயம். தமிழ் முஸ்லிம்களின் மார்க்கப் புத்தகங்களில் விலை என்று போடாமல் ஹதியா என்று போடுவார்கள். அன்பளிப்பு என்று அர்த்தம். வாங்குகிறவன் கொடுப்பது என்னவோ அதே ரூபாய்தான். சில பொருள்களுக்கு விலை என்ற சொல்லை மட்டுமாவது மறுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

முத்து அற்றுப்போன பிறகு ஊர் வேறு கடல்களுக்குப் போயிற்று. கொழும்பு, பிறகு வளைகுடா நாடுகள். அங்கே சம்பாதித்ததில் ஒரு பகுதி திரும்பி வந்து கல்லூரியாகவும் ஆயிற்று. கீழக்கரைக்காரரான பி.எஸ். அப்துர் ரஹ்மான் (1927–2015) தொடங்கிய அறக்கட்டளைக்கு வைத்த பெயர் சீதக்காதி. 1984-ல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியும், 1988-ல் கீழக்கரையிலேயே பெண்களுக்காகத் தாஸிம் பீவி அப்துல் காதர் கல்லூரியும் எழுந்தன. முந்நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பெயரில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் பழமொழி மறுபடி ஒருமுறை உண்மையாகியிருக்கிறது. குளித்தவர்கள் பெயரில் அங்கே ஏதாவது இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

எங்கள் பத்திரிகைக்குத் திரும்புகிறேன். வியாபாரியின் பெயர் இல்லாததைச் சுத்தம் என்று நினைத்தோம் என்றேன். அது சுத்தமில்லை என்று இப்போது தெரிகிறது. கடைத்தெருவில் காசு செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்: எங்கிருந்து வந்தது என்று கேட்காமல், எத்தனை ரீம் என்று மட்டும் பார்த்தோம். பணத்தை வெறுத்தவர்கள் பணத்தின் குணத்தையே எடுத்துக்கொண்டோம். காக்கா தன் பாட்டனாரைப் பற்றிச் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை என்பதல்ல. கேட்டோம், சுவாரஸ்யமாக இருந்தது, அடுத்த இதழுக்கு யாரிடம் கவிதை வாங்குவது என்ற பேச்சில் அது போயிற்று. “பாட்டன் எடுத்த முத்தெல்லாம் இப்ப எந்த நாட்டுல யார் கழுத்துல கிடக்கோ” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முதல் இதழை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அட்டையை விட்டுவிட்டுத் தாளைத்தான் விரலால் தடவிப் பார்த்தார். நல்ல தாள் என்றார்.

அவர் இப்போது இல்லை. பத்திரிகை ஆறு இதழோடு நின்றது. பழைய கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் வரவு என்ற தலைப்பின் கீழ் ‘நன்கொடை’ என்று ஒரு சொல், எதிரே தொகை. அவ்வளவுதான் எழுதியிருந்தோம். சென்ற மாதம் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் எழுதிச் சேர்த்தேன்: கீழக்கரை, கல் வியாபாரம், பாட்டனார் முத்துக் குளித்தவர், ஒரு காது கேட்காது. பெயரை எழுதவில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னது பெயரை மட்டும்தான்.